டைட்டானியம் புஷ் கடிச்சுப் பிடிக்குது: எலக்ட்ரான் கற்றையால மேல்தோலை உருக்கினா சரியாகுமா?

பேட்டைலேத்து (செவ்வாய், இரவு 9:40)

எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலி பேட்டையில சின்னதா கடைசல் பட்டறை வச்சிருக்கேன். ரெண்டு லேத்து, ஒரு மில்லிங், ஒரு சர்ஃபேஸ் கிரைண்டர். அரைவை மில் சாமான், பம்பு ஷாஃப்ட்டு, செங்கச்சூளை மெஷினுக்கு ஸ்க்ரூ, இதுதான் அன்றாட வேலை.

கடற்கரைப் பக்கம் இறால் பண்ணை வச்சிருக்கவர் ஒருத்தர் கடல்தண்ணி பம்புக்கு ஸ்லீவும் (ஷாஃப்ட்டு மேல மாட்டுற உறை) புஷ்ஷும் (அந்த உறை உள்ளே சுத்துற வளையம்) கேட்டு வந்தார். எஸ்எஸ் 316-ல (துருப்பிடிக்காத எஃகு) போட்டது ஆறே மாசத்துல குழிகுழியா அரிச்சுட்டாம். அவரே எங்கயோ கிரேடு 5 டைட்டானியம் (அலுமினியமும் வனேடியமும் கலந்த வகை) ராடு வாங்கிட்டு வந்து, "இதுல கடைஞ்சு குடுங்க அண்ணாச்சி"ன்னார். குடுத்தேன். துரு ஒரு பொட்டு இல்ல. ஆனா 11-ஆம் நாள் ஸ்லீவும் புஷ்ஷும் ஒண்ணையொண்ணு கடிச்சுப் பிடிச்சு ஷாஃப்ட்டு நின்னுபோச்சு. கழத்திப் பாத்தா ரெண்டு முகத்துலயும் சதையைப் பிச்சு எடுத்த மாதிரி இருக்கு.

எங்க அக்கா மகன் இன்ஜினியரிங் மூணாம் வருசம் படிக்கான். "மாமா, எலக்ட்ரான் கற்றையால மேல்தோலை மட்டும் உருக்கி உறையவிட்டா கல்லு மாதிரி ஆயிரும்"ங்கான். நெசமா? அந்த மெஷினு யார்கிட்ட இருக்கு? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஆசாரிபேரன் (செவ்வாய், இரவு 10:05)

அண்ணாச்சி, எங்க தாத்தா அருவாளுக்குத் துவைச்சல் போடும்போது முழு அருவாளையும் காய்ச்ச மாட்டாரு. வாய்ப்பக்கம் மட்டும் செங்காய்ப்பழ நிறம் வந்ததும் தொட்டியில முக்கி எடுப்பாரு. முதுகு மெதுவாவே இருக்கும், அதனால வெட்டும்போது ஒடியாது. உங்க மருமகன் சொல்லுதது கேக்க அதே மாதிரிதான் இருக்கு.

உலோகப்பைத்தியம் (செவ்வாய், இரவு 11:30)

ஆசாரிபேரன் சொன்னது ரொம்பச் சரியான இடம். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். (ஊர் பாளையங்கோட்டை, வேலை வெளியூரில் ஹீட் ட்ரீட்மென்ட் லேபில்.)

தாத்தா வைத்திருந்தது லாரிப் பட்டை. அதில் கார்பன் 0.5, 0.6 சதவீதம் இருக்கும். 727 டிகிரிக்கு மேலே போனால் இரும்பின் படிக அமைப்பு மாறி கார்பன் முழுக்க அதற்குள் கரைந்துவிடும். அந்த நிலைக்கு ஆஸ்டெனைட் என்று பெயர். மெதுவாக ஆறவிட்டால் கார்பன் வெளியே வந்து பழையபடி மெத்தென்று ஆகும். தண்ணீரில் முக்கினால் வெளியே வர நேரமில்லை, உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கட்டம் கோணிப்போய் இறுகிக் கிடக்கும். அதுதான் மார்ட்டன்சைட். தொட்டியில் தண்ணீர் செய்யும் வேலை அவ்வளவுதான்: வேகமாக ஆற்றுவது.

எலக்ட்ரான் கற்றையில் தொட்டியே கிடையாது. வெற்றிட அறைக்குள் சூடான இழையிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்களை 60 கிலோவோல்ட்டில் இழுத்துவிட்டால் ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய 45 சதவீத வேகத்தில் வந்து உலோகத்தில் மோதும். மோதி நிற்கும் ஆழம் இரும்பில் சுமார் 10 மைக்ரோமீட்டர்தான், தலைமுடியின் பருமனில் ஒரு சிறு பங்கு. அந்தத் தோலில் வேகம் முழுக்கச் சூடாக மாறுகிறது. 60 கிலோவோல்ட்டில் 100 மில்லி ஆம்பியர் என்றால் 6 கிலோவாட். அதை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான புள்ளியில் குவித்தால் எஃகு கண்ணிமைக்குமுன் சிவந்து, இன்னும் கொஞ்சம் விட்டால் உருகிவிடும். கற்றை நகர்ந்த அடுத்த கணம், கீழே இருக்கும் குளிர்ந்த உடம்பே சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். வினாடிக்கு ஆயிரம் டிகிரியிலிருந்து லட்சம் டிகிரி வரை என்ற கணக்கில் ஆறும். உடம்புதான் தொட்டி.

இதனால் ஒரு நிபந்தனையும் வருகிறது. உடம்பு தடியாக இருக்கவேண்டும். கடினமாக்கும் ஆழத்தைப் போல ஐந்து முதல் பத்து மடங்காவது பின்னால் உலோகம் வேண்டும். மெல்லிய குழாயில் செய்தால் முழுவதும் சூடேறிவிடும், ஆற்ற ஆள் இருக்காது.

டைட்டானியத்துக்கு நாளை எழுதுகிறேன். முன்னோட்டமாக ஒன்று மட்டும்: அங்கே கதையே வேறு.

கயத்தாறுகாத்தாடி (புதன், காலை 7:15)

நான் கரண்டு எடுக்கிற காத்தாடி மெயின்டனன்ஸ்ல இருக்கேன். கியர்பாக்ஸ்ல பல்லு முகம் உரிஞ்சு போறதுதான் எங்களுக்குத் தீராத தலைவலி. கியர் பல்லுக்கு இது ஆகுமா சார்?

உலோகப்பைத்தியம் (புதன், காலை 8:02)

சின்ன கியருக்கு ஆகும். காத்தாடியின் பெரிய கியருக்கு வேண்டாம். இரண்டு பல் அழுத்தி உருளும்போது வெட்டு விசை அதிகமாக இருப்பது மேல்தோலில் இல்லை, அதற்குச் சற்றுக் கீழே. பல் பெரிதாகப் பெரிதாக அந்த இடமும் ஆழத்துக்குப் போகும். அதனால்தான் அந்த கியர்களுக்குக் கார்புரைசிங் (மேல்தோலுக்குள் கார்பனை ஊறவைப்பது) செய்து சில மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கடினப் படலம் வைக்கிறார்கள். எலக்ட்ரான் கற்றையில் ஒரு மில்லிமீட்டரோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவோதான் கிடைக்கும். மேலே ஓடு, கீழே களி என்றால் ஓடு நொறுங்கி உள்ளே போகும். தவிர அத்தனை பெரிய கியரை வைக்க எவ்வளவு பெரிய வெற்றிட அறை வேண்டும், அதைக் காலி செய்ய எவ்வளவு நேரம் பம்பு ஓடவேண்டும் என்று யோசியுங்கள்.

தமிழன்டா_1005 (புதன், காலை 9:20)

இதெல்லாம் ஆதிச்சநல்லூர்லயே நம்ம ஆளுங்க செஞ்சதுதான். எலக்ட்ரான்னு பேரு வச்சது மட்டும் வெள்ளைக்காரன்.

ஆசாரிபேரன் (புதன், காலை 9:31)

யோவ், நான் ஆசாரி வீட்டுல பொறந்தவன். எனக்கே இது கொஞ்சம் ஓவராத் தெரியுது.

உலோகப்பைத்தியம் (புதன், காலை 9:50)

ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899-க்கும் 1905-க்கும் இடையில் தோண்டியபோதே இரும்பு ஆயுதங்கள் கிடைத்தன. தாமிரபரணிக் கரையில் இரும்பு வேலை பழையது என்பதில் எனக்கும் பெருமைதான். எலக்ட்ரானை ஜே. ஜே. தாம்சன் கண்டுகொண்டது 1897. அதைக் கற்றையாக்கி உலோகத்தை உருக்கலாம் என்று பிரானி காப்புரிமை வாங்கியது 1900-களின் முதல் பத்தாண்டுக்குள். பட்டறைக்கு ஆகும் மெஷினாக ஜெர்மனியில் ஷ்டைகர்வால்ட் ஆக்கியது 1950-களில். அவரவருக்கு உரியது அவரவருக்கு. விஷயத்துக்கு வருவோம்.

கற்றைக்காரன் (புதன், மதியம் 1:10)

வீரவநல்லூர்க்காரன். ஒன்பது வருசம் பெங்களூரில் எலக்ட்ரான் கற்றை வெல்டிங் மெஷினில் நின்னவன். பேட்டை அண்ணாச்சிக்கு மெஷின் பக்கத்து விவரம் கொஞ்சம் சொல்லுதேன்.

முதலாவது, இது டிக் வெல்டிங் மாதிரி கண்ணாடி மாட்டிக்கிட்டுப் பக்கத்துல உக்காந்து பாக்கிற வேலை இல்ல. எலக்ட்ரான் உலோகத்துல மோதினா எக்ஸ்ரே கிளம்பும். அறைச் சுவரே தடியான எஃகு, வோல்ட்டேஜ் கூடுன மெஷினுக்கு ஈயக் கவசமும் உண்டு. எட்டிப் பாக்கிற ஜன்னல் ஈயக் கண்ணாடி.

ரெண்டாவது காந்தம். உங்ககிட்ட சர்ஃபேஸ் கிரைண்டர் இருக்குன்னீங்கல்ல? காந்த டேபிள்தானே? அதுல பிடிச்சு சாணை போட்ட எஃகு சாமானுக்குள்ள காந்தம் கொஞ்சம் தங்கியிருக்கும். நாங்க கற்றையையே காந்தச் சுருள் வச்சுத்தான் வளைச்சு ஓட்டுதோம், அப்ப சாமான்ல இருக்கிற காந்தம் சும்மா இருக்குமா? ஒரு தடவை ஒரு கம்பெனியில இருந்து வந்த ஷாஃப்ட்டுல கற்றை கோட்டை விட்டு ஒண்ணரை மில்லிமீட்டர் தள்ளிப் போயிட்டு இருந்துது. ரெண்டு நாள் மெஷினைக் கழத்திக் கழத்தி மாட்டினோம். கடைசியில டீ வாங்கிட்டு வந்த பையன் ஷாஃப்ட்டுல குண்டூசி ஒட்டி நிக்கதைக் காட்டினான். அதுக்குப் பெறகு எந்தச் சாமான் வந்தாலும் முதல்ல டீமேக்னடைஸ், அப்புறம்தான் மத்தது.

இதே வளைக்கிற வித்தையிலதான் இதோட அருமையும் இருக்கு. கண்ணாடியைத் திருப்பி லேசரை ஓட்டுறதை விட இது பல மடங்கு வேகம். ஒரே கற்றையை அங்கயும் இங்கயும் தாவவிட்டு அஞ்சாறு இடத்தை ஒரே நேரத்துல காய்ச்சலாம், எந்த இடம் எவ்வளவு சூடுன்னு வரைஞ்சே குடுக்கலாம். பளபளப்பான உலோகம் லேசரைத் திருப்பி அடிக்கும், அதனால கரி பூசி வைப்பாங்க. எலக்ட்ரானுக்குப் பளபளப்பு கணக்கில்ல. கொஞ்சம் சிதறிப் போகும், மிச்சமெல்லாம் உள்ள இறங்கிடும்.

விளக்குக்கடை (புதன், மதியம் 2:45)

எங்க வீட்டுல பித்தளைக் குத்துவிளக்கு வார்க்கிற தொழில். பித்தளைக்கு இதைச் செய்யலாமா? சும்மா ஆசைக்குக் கேக்கேன்.

கற்றைக்காரன் (புதன், மதியம் 3:00)

வேண்டவே வேண்டாம் வே! பித்தளையில துத்தநாகம் இருக்கு. வெளியிலயே 907 டிகிரியில கொதிக்கிற சாமான், வெற்றிடத்துல அதுக்கு ரொம்ப முந்தியே ஆவியாகும். உம்ம விளக்கு நுரைச்சுப் போகும், எங்க மெஷினு உள்ளே முழுக்கத் துத்தநாகம் படிஞ்சு போகும். காட்மியம் பூசின போல்ட்டைக் கூட உள்ள விட மாட்டோம்.

உலோகப்பைத்தியம் (புதன், இரவு 10:15)

சொன்னபடி டைட்டானியம்.

மார்ட்டன்சைட் என்ற பெயர் டைட்டானியத்திலும் உண்டு. கிரேடு 5-ஐ சுமார் 995 டிகிரிக்கு மேலே கொண்டுபோய் வேகமாக ஆற்றினால் ஊசி ஊசியாக ஓர் அமைப்பு வரும். நுண்ணோக்கியில் பார்த்தால் எஃகுக்குச் சித்தப்பா மகன் மாதிரியே இருக்கும். ஆனால் எஃகில் கடினம் தருவது ஊசி வடிவம் இல்லை, உள்ளே சிக்கிய கார்பன். டைட்டானியத்தில் சிக்குவதற்கு அப்படி ஒன்றும் இல்லை. கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் கணக்கில் 330, 350 இருந்தது கொஞ்சம் ஏறும், அவ்வளவே. அதே நேரத்தில் நல்ல எஃகு 600, 700 என்று தாண்டிப் போயிருக்கும். அதனால் உங்கள் ஸ்லீவின் தோலை உருக்கி உறையவிட்டால் கிடைப்பது உருகி உறைந்த டைட்டானியம். 11 நாளில் கடித்தது 13 நாளில் கடிக்கலாம்.

டைட்டானியத்துக்கு உருக்குவது பாதி வேலை. உருகிய குட்டையில் என்ன கலக்கிறீர்கள் என்பதுதான் மீதி. கார்பைடு, போரைடு பொடிகளைத் தோலில் கலந்து உருக்கினால் கடினத் துகள்கள் நிறைந்த படலம் உறையும். அப்போது 500 விக்கர்ஸுக்கு மேலே போகமுடியும். லேசர்காரர்களுக்கு இதில் இன்னொரு சௌகரியம், உருகும் இடத்தில் நைட்ரஜனை ஊதிவிட்டால் டைட்டானியம் தானாகவே நைட்ரைடு ஆகிவிடும். எலக்ட்ரானுக்கு வெற்றிடம் வேண்டும், அங்கே ஊத முடியாது.

எஃகிலும் உருக்கினால் எல்லாம் நல்லது என்று நினைக்கவேண்டாம். அச்சு செய்யும் டி2 டை ஸ்டீலை எடுத்துக்கொள்ளுங்கள். உருக்கும்போது அதிலுள்ள குரோமியம் கார்பைடெல்லாம் கரைந்து, கார்பன் அளவுக்கு மீறிச் சேர்ந்து, ஆஸ்டெனைட் மாறாமல் அப்படியே நின்றுவிடும். கடினமாக்கப் போய் மேல்தோல் மெத்தென்று ஆன கதைகள் உண்டு. பிறகு டெம்பரிங் (மறுபடி மிதமாகச் சூடாக்குவது) செய்து அதை வழிக்குக் கொண்டுவரவேண்டும். உருக்குவது அழகாகப் பலிப்பது வார்ப்பிரும்பில்தான். கேம் ஷாஃப்ட் மூக்கில் சாம்பல் வார்ப்பிரும்பை உருக்கி உறையவிட்டால் கிராஃபைட் தகடு போய்க் கடினமான வெள்ளை வார்ப்பிரும்பாகும். அதிலும் முன்கூட்டிச் சூடாக்காவிட்டால் விரிசல்.

அக்காமகன் (புதன், இரவு 10:50)

சார், நான்தான் அந்த மருமகன். நான் படித்தது துடிப்புக் கற்றை பற்றி. சில மைக்ரோ வினாடி மட்டும் அடிக்கும், வினாடிக்குக் கோடி டிகிரி கணக்கில் ஆறும், டைட்டானியத்திலும் கடினம் கூடுகிறது என்று போட்டிருக்கிறார்கள். அதை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லையே?

உலோகப்பைத்தியம் (புதன், இரவு 11:20)

நல்ல கேள்வி தம்பி. ரஷ்யாவில் தோம்ஸ்க் நகரத்து ஆய்வாளர்கள் இதில் முன்னோடிகள். நீ சொன்ன வேகம் உண்மை. ஆனால் உருகும் படலம் எவ்வளவு ஆழம் என்று அதே கட்டுரையில் பார். சில மைக்ரோமீட்டர். மேற்பரப்பு வழவழப்பாகும், துளைகள் மூடும், திரும்பத் திரும்ப விசை பட்டு உடையும் வரையிலான ஆயுள் கூடலாம். இறால் பண்ணைப் பம்பில் மணலோடு தண்ணீர் வரும். சில மைக்ரோமீட்டரை மணல் எத்தனை நாளில் தின்னும் என்று மாமாவைக் கேள்.

பேட்டைலேத்து (வியாழன், காலை 6:30)

ஒரு வாரம் தாங்காது.

அப்ப கற்றைக்காரன் தம்பி, அந்தக் கார்பைடுப் பொடியை ஸ்லீவு மேல தூவி நீங்க உருக்கித் தரமுடியுமா?

கற்றைக்காரன் (வியாழன், காலை 8:40)

தூவினா காரியம் கெட்டுது அண்ணாச்சி. எலக்ட்ரான் போய் விழ விழ பொடிக்கு மின்னேற்றம் ஏறும். ஒரே ஏற்றம் உள்ள துகள் ஒண்ணையொண்ணு தள்ளும். ஒரு நொடியில அத்தனை பொடியும் புகை மாதிரி அறை முழுக்கப் பறந்துரும். இந்தக் கற்றையில 3டி பிரின்டிங் பண்றவங்க அதனாலதான் முதல்ல பொடியை லேசாச் சூடாக்கி ஒட்டவச்சுட்டு அப்புறம் உருக்குதாங்க. உங்க ஸ்லீவுக்குன்னா பொடியை முன்கூட்டியே ஸ்ப்ரே பண்ணியோ பசையில குழைச்சுப் பூசிக் காயவச்சோ கொண்டுவரணும். பசை போட்டா அது வெற்றிடத்துல வாயு விடும், அது தனிப் பஞ்சாயத்து.

செய்யலாம். ஆனா ரெண்டு ஸ்லீவுக்கு யாரும் செய்யமாட்டாங்க, அதுதான் நெசம்.

உலோகப்பைத்தியம் (வியாழன், காலை 9:05)

உருகி உறைந்த முகம் அலை அலையாக இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாணை போட்டால்தான் அளவுக்கு வரும். டைட்டானியத்தில் கார்பைடு நிறைந்த தோலைச் சாணை பிடிப்பது பேட்டை அண்ணாச்சிக்குச் சந்தோஷமாக இருக்காது.

பணகுடிக்காற்று (வியாழன், காலை 10:30)

ஒரு சந்தேகம். ராக்கெட்ல டைட்டானியம் வாயு உருளைகளை எலக்ட்ரான் கற்றை வச்சுத்தானே சேக்காங்க? நம்ம மகேந்திரகிரியில கேட்டுப் பாக்கலாமே.

கற்றைக்காரன் (வியாழன், காலை 10:48)

சேக்கிறது வெல்டிங் அண்ணே. வெல்டிங்குக்கு டைட்டானியத்துக்கு இதை விட நல்ல இடம் கிடையாது. சூடான டைட்டானியம் காத்துல ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் குடிச்சு மொறுமொறுன்னு ஆயிரும். வெற்றிடத்துல குடிக்க ஒண்ணும் இல்ல. மகேந்திரகிரி என்ஜின் சோதிக்கிற இடம், ஜாப் ஒர்க் பட்டறை இல்ல. இறால் பண்ணைக்கு ஸ்லீவு கொண்டுபோனா வாசல்லயே டீ குடுத்து அனுப்பிருவாங்க.

கூடங்குளத்தான் (வியாழன், மதியம் 12:20)

ஸ்டெல்லைட் போட்டா என்ன? வால்வு சீட்டுக்கெல்லாம் அதுதானே போடுதாங்க.

உலோகப்பைத்தியம் (வியாழன், மதியம் 1:00)

ஸ்டெல்லைட் கோபால்ட் கலவை. டைட்டானியத்தின் மேல் உருக்கிப் போட்டால் இரண்டும் சேரும் இடத்தில் கண்ணாடி மாதிரி உடையும் சேர்மங்கள் வரும், ஒட்டாது. எஃகு ஸ்லீவில் போடலாம். ஊர் பெயரைப் பார்த்ததும் ஞாபகம் வருகிறது: அணு உலைக் குளிர்விப்பானில் தேய்மானப் பொடி கலந்தால் கோபால்ட் நியூட்ரானை வாங்கிக் கோபால்ட்-60 ஆகும், பாதி ஆயுள் 5.27 வருடம். பராமரிப்புக்குப் போகிறவர்களுக்கு அது தொல்லை. அதனால் கல்பாக்கத்து வேக ஈனுலைக்கு நிக்கல் அடிப்படையிலான கால்மோனாயைத் தேர்ந்தார்கள். இறாலுக்கு அந்தக் கவலை இல்லை.

பேட்டை அண்ணாச்சி, ஒன்று கேட்கட்டுமா? ஸ்லீவு, புஷ் இரண்டையும் ஏன் டைட்டானியத்திலேயே போட்டீர்கள்?

பேட்டைலேத்து (வியாழன், மதியம் 1:25)

ராடு மிச்சம் இருந்துது. வேற என்ன சொல்ல.

உலோகப்பைத்தியம் (வியாழன், மதியம் 1:40)

நோய் அங்கேதான். டைட்டானியத்தின் மேல் இருக்கும் ஆக்சைடுத் தோல்தான் அதைத் துருவிலிருந்து காப்பாற்றுகிறது. உரசலில் அந்தத் தோல் கிழிந்தால் உள்ளே இருக்கும் பச்சை உலோகம் எதிரே இருக்கும் பச்சை உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். டைட்டானியத்தோடு டைட்டானியம் உரசினால் கடிக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

வெண்கல புஷ் என்று உடனே தோன்றும். கடல்தண்ணீரில் டைட்டானியத்தோடு தொட்டுக்கொண்டிருந்தால் வெண்கலம்தான் அரிக்கப்படும், அதையும் யோசியுங்கள்.

முத்துநகர் (வியாழன், மதியம் 3:30)

தூத்துக்குடியில இருந்து எழுதுதேன். படகு ஷாஃப்ட்டுக்கு நாங்க எதைப் போடுதோம்? உள்ளே வரிவரியாப் பள்ளம் விட்ட ரப்பர் புஷ். தண்ணிதான் அதுக்கு எண்ணெய். மணல் வந்தா வரிப் பள்ளத்துல வெளிய போயிரும். பம்புக்கு ஏன் அதைப் போடக்கூடாது? உலோகத்தோட உலோகம் உரசினாத்தானே கடிக்கும்.

உலோகப்பைத்தியம் (வியாழன், மதியம் 3:52)

மூன்று நாளாக நான் எழுதியதைவிட இது உருப்படியான பதில். ரப்பர் புஷ், அதில் ஓடும் டைட்டானியம் ஸ்லீவுக்கு பிளாஸ்மா நைட்ரைடிங். பல மணி நேரம் நைட்ரஜனில் வைத்தால் மேலே சில மைக்ரோமீட்டர் நைட்ரைடு, அதற்குக் கீழே நைட்ரஜன் ஊறிய படலம் வரும். இது உருக்கும் வேலை இல்லை, முகம் அலை விழாது. ஒன்று மட்டும் கவனம்: பம்பு காய்ந்து ஓடக்கூடாது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் ரப்பர் கருகும்.

அக்காமகன் (வியாழன், மாலை 6:10)

நானும்தான் நைட்ரைடு பற்றிப் படித்தேன், "படலம் மெல்லிசு" என்று நீங்களே துடிப்புக் கற்றையை ஒதுக்கினீர்கள். இதுவும் மெல்லிசுதானே சார்?

உலோகப்பைத்தியம் (வியாழன், மாலை 6:45)

பிடித்துவிட்டாய். மெல்லிசுதான். ஆனால் துடிப்புக் கற்றையில் அந்தச் சில மைக்ரோமீட்டரும் டைட்டானியமே, கொஞ்சம் இறுகியது. இங்கே அது நைட்ரைடு, 2000 விக்கர்ஸ் கணக்கு, கீழே ஊறிய படலம் தாங்குகிறது. எதிரே இருப்பதும் உலோகம் இல்லை, ரப்பர். ஆழம் மட்டும் கணக்கில்லை என்று நான் முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும்.

பேட்டைலேத்து (இருபத்து நாலு நாள் கழித்து, ஞாயிறு, இரவு 8:20)

தகவல் சொல்ல வந்தேன். ஸ்லீவு ரெண்டையும் கோயம்புத்தூருக்கு அனுப்பி நைட்ரைடிங் பண்ணி வாங்கினேன். திரும்பி வந்தப்ப பொன் நிறத்துல மின்னுது. எங்க வீட்டம்மா தூக்கிப் பாத்துட்டு "இது என்ன, வளையலா"ன்னு கேட்டாவ. ரப்பர் புஷ் தூத்துக்குடியில எடுத்தேன். மாட்டி 16 நாள் ஆச்சு, நேத்துக் கழத்திப் பாத்தேன், நிறம் கூட மாறல. பண்ணைக்காரர் இப்ப இம்பெல்லரையும் (பம்புக்குள்ள தண்ணியைத் தள்ளுற சக்கரம்) டைட்டானியத்துல கேக்காரு.

மருமகன் காலேஜ் புராஜெக்ட்டுக்கு எலக்ட்ரான் கற்றையே எடுத்துட்டான், டைட்டானியம் இல்ல, இஎன் 24 எஃகு. எந்த நிலையில சாம்பிள் வேணும்னு உலோகப்பைத்தியம் சாரு சொல்லணும்.

ஆசாரிபேரன் (ஞாயிறு, இரவு 8:41)

வளையல் ரெண்டு எனக்கும் கடைஞ்சு வைங்க அண்ணாச்சி, தங்கம் விக்கிற வெலையில.

உலோகப்பைத்தியம் (ஞாயிறு, இரவு 9:15)

நல்ல தேர்வு. ஹார்டனிங், டெம்பரிங் முடித்த நிலையில் கொடுங்கள், அனீல் செய்ததில் (காய்ச்சி மெதுவாக ஆறவிட்டு மெத்தென்று ஆக்கியதில்) வேண்டாம். கற்றை ஒரு நொடிகூட நிற்காது, கார்பன் அதற்குள் பரவவேண்டும். பொடிப்பொடியாகச் சிதறிய கார்பைடு என்றால் நேரத்தில் கரையும், கட்டி கட்டியாக இருந்தால் கரையாமல் நிற்கும், கடினம் திட்டுத் திட்டாக வரும். பாதிச் சாம்பிளை உருக்காமல் கடினமாக்கச் சொல், பாதியை உருக்கு. இரண்டையும் வெட்டி, மேலிருந்து கீழே கால் மில்லிமீட்டருக்கு ஒரு விக்கர்ஸ் போடு. தடிமன் 15 மில்லிமீட்டருக்குக் குறையவேண்டாம்.

பேட்டைலேத்து (ஞாயிறு, இரவு 9:32)

20 மில்லிமீட்டர் கட்டையா பன்னிரண்டு துண்டு வெட்டி, ரெண்டு முகமும் சாணை போட்டு வச்சிருக்கேன். காந்த டேபிள்லதான் போட்டேன். நாளைக்குக் காந்தத்தை எடுத்துட்டு அனுப்புதேன் கற்றைக்காரன் தம்பி, குண்டூசி வச்சும் பாத்துக்கிடுதேன்.